கோவில் பொறுப்புக்கு வந்தவருக்கு: எண்ணும் மேஜை முதல் சாவிக்கொத்து வரை

சென்ற மாதம் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, என்னையும் நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதோடு நல்ல கிறிஸ்தவத் தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்ற தலைப்பில் வாலிபர் கூட்டத்தில் பேசவும் சொல்லிவிட்டார்கள். பத்துக் குறிப்பு எழுதி அனுப்புங்கள்" என்றான்.

பத்துக் குறிப்பு எனக்கு அரைத் தூக்கத்திலேயே வரும். தாழ்மை, ஜெபம், தரிசனம், பொறுமை, முன்மாதிரி என்று ஐம்பது வருஷமாகக் கேட்டுவருகிறேன். அந்தப் பட்டியலில் குற்றம் ஒன்றும் இல்லை. அதை மனப்பாடமாகச் சொன்னவர்களில் சிலர் காணிக்கைப் பணத்தை வாரக்கணக்கில் வீட்டுப் பீரோவில் வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தேரிக்காட்டை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. 31 வருஷம் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் கோவிலில் 9 வருஷம் பொருளாளர், 6 வருஷம் செயலாளர். ஆகவே தாழ்மையைப் பற்றி எனக்கு எழுத வராது. தாழ்மை இருக்கிறதா என்று எந்த மேஜையில், எந்த அடுப்படியில் தெரியும் என்று எழுத வரும். மருமகனுக்கு எழுதியதைச் சற்றே விரித்து, புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் எல்லாருக்குமாக இங்கே தருகிறேன்.

முதலில் வேலை ஒன்று. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, கையில் பென்சிலோடு வாசியுங்கள். கண்காணிக்குரிய, அதாவது சபையை மேற்பார்க்கிறவருக்குரிய, தகுதிகளில் மேடை சம்பந்தப்பட்டது எத்தனை என்று கோடிடுங்கள். 'போதகசமர்த்தன்' என்ற ஒரு சொல்தான் அகப்படும். மற்றதெல்லாம் வீட்டையும் தெருவையும் சேர்ந்தது: குடிக்கிறவனா, சண்டைக்காரனா, பண ஆசை உண்டா, விருந்தாளியைச் சேர்த்துக்கொள்வானா, பிள்ளைகள் சொல் கேட்கிறார்களா. புறம்பானவர்களிடம் நற்சாட்சி பெற்றவனாக இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் புறம்பானவர் பலசரக்குக் கடைக்காரர். சபையில் யார் சொன்ன தேதிக்குப் பாக்கியைக் கொடுக்கிறார், யார் அவரைப் பார்த்ததும் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். பொறுப்பு ஏற்கும் முன் அவருடைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எண்ணும் மேஜை

காணிக்கைப் பையை எப்படி எண்ணுவது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. இதில்தான் ஒருவருடைய பெயர் கெடுகிறது. பல வேளைகளில் அவர் ஒரு தவறும் செய்யாமலே கெடுகிறது.

ஆராதனை முடிந்த உடனே, கோவிலுக்குள்ளேயே, கதவு திறந்திருக்க எண்ணுங்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது, ஒரே தெருவாகவும் இல்லாமல் இருந்தால் நல்லது. மொத்தத் தொகையை மட்டும் எழுதாதீர்கள். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, பத்து எத்தனை, சில்லறை எவ்வளவு என்று நோட்டு வாரியாக எழுதி, இருவரும் பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். பென்சில் கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரும் தசமபாக உறைகளை ஒருவர் பிரிக்க, மற்றவர் அதே நொடியில் பெயரையும் தொகையையும் பதியவேண்டும். திங்கட்கிழமை காலையில் பணம் வங்கிக்குப் போய்விடவேண்டும். "சில்லறைக்காக ஓர் ஆயிரத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்ற பேச்சுக்கு அந்த மேஜையில் இடம் கொடுக்காதீர்கள், கேட்பவர் ஐயராக இருந்தாலும் சரி. (குருவானவரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் அழைப்போம்.)

இவ்வளவு கெடுபிடி தேவையா, நாம் விசுவாசிகள்தானே என்று யாராவது முகம் சுளிப்பார்கள். எருசலேமில் இருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைக் கொண்டுபோகும் காரியத்தில் பவுல் என்ன செய்தார் என்று காட்டுங்கள். இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். தீத்துவை அனுப்பினார், அவரோடு இன்னும் இரண்டு சகோதரர்களை அனுப்பினார். அதில் ஒருவரைச் சபைகளே தேர்ந்தெடுத்திருந்தன. பணத்தைக் குறித்து ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பவுலுக்கே இரண்டாவது ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

இனி என்னுடைய 740 ரூபாய்க் கதை.

நான் பொருளாளரான மூன்றாம் வருஷம், அறுப்பின் பண்டிகை ஏலம். எங்கள் பக்கத்து ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படைப்பாக வந்த முருங்கைக்காய்க் கட்டு, சேவல், பூசணி, முதல் முட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தையில் விலைபோகாத பொருள் பத்து மடங்குக்குப் போகும். கூட்டம், சிரிப்பு, கூச்சல். இரவு எண்ணிப் பார்த்தபோது ஏலச் சீட்டுக்கும் கையிலிருந்த பணத்துக்கும் 740 ரூபாய் இடித்தது. மூன்று முறை எண்ணினேன். பத்து மணி ஆகிவிட்டது, எல்லாருக்கும் களைப்பு. என் பையிலிருந்த 740 ரூபாயை எடுத்து வைத்துக் கணக்கைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். படுக்கும்போது மனது நிறைவாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதம் கழித்து, மும்பையில் மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெரியவர் ஊர் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை, சபையார் எல்லாரும் முற்றத்தில் நிற்கும்போது, "ஏலத்தன்று நாலு பேர் என் கையில் கொடுத்தார்கள் வாத்தியார், சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது" என்று 740 ரூபாயை நீட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கணக்கில்தான் குறைவே இல்லையே, அப்படியானால் இந்தப் பணம் எது?

உண்மையைச் சொன்னேன். இரண்டு பேர் என் பெருந்தன்மையைப் புகழ்ந்தார்கள். பின்வரிசைப் பாட்டி ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அப்படியென்றால் மற்ற வருஷங்களில் எதையெல்லாம் இப்படிச் சரிக்கட்டினீர்கள்?" எனக்குப் பதில் இல்லை. வேறு எதையும் நான் சரிக்கட்டியதில்லை, ஆனால் அதை நிரூபிக்க இனி வழி கிடையாது. பணம் குறைந்தால் குறைந்தது என்று எழுதுங்கள். நான் அன்று குறைவில்லை என்று எழுதினேன், அது பொய். நல்ல நோக்கத்தோடு சொன்னாலும் கணக்குப் புத்தகத்தில் அது பொய்தான்.

ஏலப் பாக்கி

ஏலம் என்றால் பாக்கியும் உண்டு. உற்சாகத்தில் 6,500 ரூபாய்க்குப் பலாப்பழம் எடுத்தவர் மறுநாள் அதை மறந்துவிடுவார். பாக்கி கேட்பதில் ஒருவருடைய தலைமை முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்பது என் அபிப்பிராயம்.

முதல் வாரத்திலேயே போங்கள். இரண்டு பேராக, வீட்டுக்கு, வாரநாளில் போங்கள். கோவில் வாசலில் கேட்காதீர்கள், பெயர்ப் பட்டியலை ஆராதனையில் வாசிக்காதீர்கள். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருவர் பிள்ளைக்குச் சுகம் கிடைத்த சந்தோஷத்தில் சுரைக்காயை 300 ரூபாய்க்கு எடுத்திருப்பார். அவரிடம் மாதம் ஐம்பதாக வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ரசீது கொடுங்கள். தள்ளுபடி செய்கிறேன் என்று சொல்லி அவரைச் சிறுமைப்படுத்தவேண்டாம். அது அவர் ஆண்டவருக்குச் செய்த பொருத்தனை, நேர்ச்சை.

பலாப்பழக்காரர் வேறு ரகம். இரண்டு வருஷப் பாக்கியோடு பிரதிஷ்டைப் பண்டிகையில் முன்வரிசை நாற்காலியில் உட்காருவார், அவருக்கு மாலையும் போடுவார்கள். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும், கந்தை கட்டியவனுக்குப் பாதபடியின் கீழும் காட்டுகிறவர்களை யாக்கோபு தம் நிருபத்தில் கடிந்துகொள்வது ஞாபகம் இருக்கிறதல்லவா? சுரைக்காய்க்காரரிடம் போன அதே வாரம், அதே இரண்டு பேர், அதே குரலில் அவரிடமும் போகவேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் வர இரண்டு வருஷம் ஆயிற்று. போனபோது அவர் காப்பி கொடுத்து, உடனே பணத்தையும் கொடுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றார்.

அசன அடுப்படி

அசனம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். பண்டிகையில் சபை முழுவதும், ஊரில் வர விரும்பும் எல்லாரும், எந்த மதமானாலும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ஆட்டுக்கறியும் சோறும். தலைவரை அன்றைக்குப் பந்தியில் தேடாதீர்கள், அடுப்படியின் பின்வாசலில் தேடுங்கள். அங்கேதான் தூக்குவாளிகள் வரும். "கமிட்டி வீட்டுக்கு" என்று கறியில் பாதி முதல் பந்திக்கு முன்பே வெளியேறிவிடும். கடைசிப் பந்திக்குக் குழம்பில் உருளைக்கிழங்குதான் மிஞ்சும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று பாருங்கள். பாத்திரம் கழுவியவர்களும் பந்தல் கட்டியவர்களும்தான்.

நாங்கள் செய்த ஏற்பாடு எளிமையானது. கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை கமிட்டி உறுப்பினர் வீட்டு வாளி எதுவும் நிரம்பக்கூடாது. படுக்கையில் இருக்கிறவர்கள், பிள்ளைபெற்றவர்கள் வீட்டுக்கு மட்டும் முதலிலேயே போய்விடவேண்டும், அதற்குப் பெயர்ப் பட்டியல் முந்தின நாளே எழுதப்படவேண்டும். நெகேமியா யூதாவில் பன்னிரண்டு வருஷம் அதிபதியாக இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை என்று வேதத்தில் இருக்கிறது. முதல் வருஷம் என் மனைவியே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

முறையிடுகிறவரிடம் கரண்டியைக் கொடுப்பது

கமிட்டிக் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுதலாம். இரண்டு காரியங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். தீர்மானத்தை அங்கேயே எழுதி, அங்கேயே வாசித்து, அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் போய் எழுதிய தீர்மானம் வளர்ந்துவிடும். அடுத்தது, முடிவு ஜெபத்தைச் சண்டைக்காரரிடம் கொடுக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவருக்குச் சொல்வதுபோல எதிராளிக்குப் பதில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பதிலுக்கு இவர் 'ஆமென்' என்பதா வேண்டாமா என்பது அடுத்த சண்டை.

மேலத்தெரு, கீழத்தெரு, இந்தக் குடும்பம், அந்தக் குடும்பம் என்ற பிரிவு நம் சபைகளில் இல்லை என்று மேடையில் சொல்லலாம், தேர்தலன்று சொல்ல முடியாது. பல இடங்களில் அது சாதிதான், பெயர் மட்டும் வேறு. இதற்கு நான் பார்த்தவரையில் ஒரே வைத்தியம் அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்றாடப் பந்தியில் எங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். பந்தியைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பெயர்களை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் சபையில் கீழத்தெருக்காரர்கள் கல்வி உதவித்தொகை தங்கள் பிள்ளைகளுக்கு வருவதில்லை என்று வருஷந்தோறும் சத்தமிடுவார்கள். நாங்கள் வருஷந்தோறும் விளக்கம் கொடுப்போம். ஒரு வருஷம் விளக்கத்தை விட்டுவிட்டு, விண்ணப்பங்களைப் பார்க்கும் மூன்று பேரில் இரண்டு பேரைக் கீழத்தெருவிலிருந்தே போட்டோம். பழைய விண்ணப்பங்களை அவர்கள் புரட்டினார்கள். சத்தமிட்டதில் பாதி நியாயம் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்துத் தவறுதான். ஆட்களே தெரியாத வீடுகளுக்கு நாங்கள் படிவமே கொடுத்திருக்கவில்லை.

காலியான இடம்

கோவிலில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தால் பீடம் தெரியும், பின்வரிசைப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் சபை தெரியும். மூன்று ஞாயிறு ஒரே இடம் காலியாக இருந்தால் அந்த வாரமே போய்ப் பாருங்கள். போகும்போது சந்தா ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் விசாரிக்க வந்தவர் இல்லை, வசூலுக்கு வந்தவர்.

நோயாளியின் வீட்டில் பத்து நிமிஷம் போதும். இதே வியாதி வேறு யாருக்கு வந்து என்ன ஆனார் என்ற கதை வேண்டாம். வேதத்திலிருந்து எந்தச் சங்கீதம் வாசிக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். பெரும்பாலும் இருபத்துமூன்று என்பார்கள். ஒருமுறை ஒரு முதியவர் எண்பத்தெட்டு என்றார். முழுவதும் இருள், கடைசி வசனமும் இருள்தான். வாசித்து முடித்தபோது, "இதைத்தான் யாரும் எனக்கு வாசிக்கவில்லை" என்றார்.

சொந்த ஜெபத்தைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. சபைப் பதிவேட்டை எடுத்து நாளுக்கு ஐந்து குடும்பம் என்று வரிசையாகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். பிடிக்காதவர் பெயரும் வரிசையில் வரும், தாண்டிப் போகமுடியாது. எனக்கு இதில் உதவி கிடைத்தது.

கைமாற்றுவது

எங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன அசரியாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்ச் சபையார் வெளியே மிஷனெரிகளை அனுப்புவதைப் பார்த்தார். நம் சபைக்கு ஏன் அது இல்லை என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறு வருஷமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆளும் பணமும் நிர்வாகமும் இங்குள்ளவர்களுடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பிறகு பிறரை அனுப்பியவர் தாமே தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்படிப் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

எனக்கு அவரிடம் பிடித்தது பட்டம் இல்லை. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கை வைத்துக்கொண்டு, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லச் செய்வாராம். எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் முதல் நாளிலேயே பொறுப்பு! நாம் வாலிபர்களை நாற்காலி தூக்கவைத்துக்கொண்டு, நாற்பது வயதில்தான் மைக்கைக் கொடுக்கிறோம்.

பெயர் பொறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுற்றுச்சுவர் கட்டினால் கமிட்டிப் பெயர்களோடு பளிங்குக் கல். பெயர் விடுபட்டவர் அடுத்த தேர்தலில் எதிரணி. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட மிஷனெரி எமி கார்மைக்கேல் அம்மையார், தம் கல்லறைமேல் கல் நாட்டவேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். பளிங்குக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வரும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் கமிட்டியில் பலிக்கவில்லை.

முதல் வருஷத்திலேயே இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுத விடுங்கள். தப்பாக எழுதினால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்றார். காலை முதல் சாயங்காலம்வரை தனியே உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்த்து உழைத்த மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பொறுப்பு முடிகிற நாளில் சாமுவேல் தீர்க்கதரிசியைப்போலச் சபைக்கு முன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன் என்று கேட்டுவிட்டு, புத்தகங்களையும் சாவிகளையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

நான் புத்தகங்களைக் கொடுத்தேன், சாவிக்கொத்தைக் கொடுக்கவில்லை. பீரோவுக்கு எது, பின்னறைக்கு எது என்று வேறு யாருக்கும் தெரியாது என்பது நான் சொன்ன காரணம். நான்கு வருஷம் அது என் இடுப்பிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை யாராவது "வாத்தியார், சாவி" என்று தேடி வருவது எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

ஒரு மே மாதம் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். ஊரில் ஒரு மரணம். அடக்கத்துக்கு வேண்டிய சாமான்கள் பின்னறையில், சாவி என்னோடு கோயம்புத்தூரில். கடைசியில் பூட்டை உடைத்தார்கள். இறந்தவர் வீட்டார் ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்களாம்.

ஊர் வந்ததும் சாவிக்கொத்தை இப்போதைய பொருளாளரிடம் கொடுத்தேன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். புதுப் பூட்டு 380 ரூபாய் என்று கேள்விப்பட்டு, பணத்தையும் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"எந்தத் தலைப்பில் எழுதட்டும் வாத்தியார்?" என்றான்.

சற்று யோசித்துவிட்டு, "பூட்டு உடைந்ததற்கு ஈடு, முன்னாள் செயலாளரிடமிருந்து" என்றேன். அப்படியே எழுதி, ரசீது போட்டு, பக்கத்திலிருந்த பையனிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் கொடுத்தான்.